செஞ்சிக் களஞ்சியத்தில் கேட்ட குரல்

எண்பதுகளின் நடுப்பகுதி, ஐப்பசி மாதம். செஞ்சிக் கோட்டைக்குள், ராஜகிரி மலையடிவாரத்தில் இருக்கிற பெரிய நெற்களஞ்சியத்தில் நடந்தது இது. நேரம் பிற்பகல் மூன்றரை இருக்கும். பேய்க்கதைக்கு ஏற்ற நேரமே இல்லை. ஆனாலும் இன்று நினைத்தாலும் என் கை மயிர் நட்டுக்கொள்கிறது.

அப்போது நான் ஆசிரியர் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு மாணவி. எங்கள் வகுப்பில் பதினாறு ஆண்கள், இருபத்திரண்டு பெண்கள். நைனா உடம்பு சரியில்லாமல் கிடந்ததால் நான் இரண்டு வருஷம் வீட்டில் இருந்துவிட்டுச் சேர்ந்தவள். அதனால் பெண்கள் எல்லோரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

பயிற்சியில் ஐந்து நாள் முகாம் ஒன்று உண்டு. ஊர் விட்டு ஊர் போய்த் தங்கி, தெருவைக் கூட்டி, நாடகம் போட்டு, மலை ஏறி வர வேண்டும். தலைமைப் பண்பு வளர்ப்பதற்காக என்று சொல்வார்கள். ஆனால் யாருடைய தலைமைப் பண்பு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வருஷா வருஷம் முகாம் தலைவர் ஓர் ஆண். குழுத் தலைவர்களும் ஆண்கள். பெண்கள் அடுப்புப் பக்கம். யாரும் அப்படி எழுதி வைக்கவில்லை, நடந்துகொண்டே இருந்தது.

அந்த வருஷம் எங்கள் உளவியல் டீச்சர் முதல்வரிடம் நேராகவே கேட்டுவிட்டார். "நாளைக்கு இந்தப் பொண்ணுங்கதானே சார் ஹெட்மிஸ்ட்ரஸ் ஆவப் போறாங்க? இங்க கத்துக்காம எங்க கத்துக்குவாங்க?" முதல்வர் கொஞ்ச நாள் இழுத்தடித்து, கடைசியில் "சரி, ஒரு வருஷம் பாக்கலாம்" என்றாராம். டீச்சர் என்னைத் தேர்ந்தெடுத்தார். என் குரல் பெரியது என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

கழுத்தில் ஒரு விசிலை மாட்டிவிட்டார்கள். கையில் வருகைப் பதிவேடு. எங்கள் கல்லூரியில் முதல் பெண் முகாம் தலைவி நான். அந்த விசிலை மாட்டிக்கொண்டு நடந்தபோது கால் தரையில் பாவவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். மூன்றாம் நாள் ராஜகிரி ஏறுவதாகத் திட்டம். முந்தின நாள் மாலை, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கை கழுவப் போனேன். மறுபக்கத்தில் ஆண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவலூர்பேட்டையிலிருந்து வந்த ஒருவர், துணைத் தலைவராக எனக்குக் கீழே போடப்பட்டிருந்தவர், சொன்னது காதில் விழுந்தது.

"பொம்பளைங்கள இட்டுக்கினு மல ஏறுனா பொழுது சாஞ்சிடும்டா. நிமிஷத்துக்கு ஒருத்தி ஒதுங்கணும்பா."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. சும்மா வாய்க்கு வந்ததைப் பேசினார். ஆனால் அந்தச் சிரிப்பு ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை.

காலையில் பெண்களைத் தனியாகக் கூப்பிட்டு நிறுத்தினேன். "எல்லாத்தையும் இங்கயே முடிச்சிட்டு வாங்க. நடுவுல யாரும் வரிசைய விட்டு வெலகக் கூடாது. நம்மள பாத்து ஒருத்தன் சிரிக்கக் கூடாது" என்றேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் எங்கள் இருபத்திரண்டு பேருக்கும் இருந்தது ஒரே ஒரு கழிப்பறை, அதற்கும் தாழ்ப்பாள் இல்லை. பெண்கள் காலைக் காபியை வேண்டாம் என்று தள்ளி வைத்தார்கள். நானும் தள்ளி வைத்தேன். தண்ணீர்ச் சொம்பையும் யாரும் தொடவில்லை. அது கட்டுப்பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களுடன் வந்தவர் டிரில் மாஸ்டர் ஒருவர்தான். உளவியல் டீச்சர் மறுநாள் நாடகத்துக்குச் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். ஏறும்போது மாஸ்டர் கோட்டைக் கதைகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஏதோ ஒரு பாறைக்குழியில் கைதிகளை இறக்கிவிட்டுச் சோறு தண்ணீர் இல்லாமல் சாகவிடுவார்களாம். "சில நேரம் கல்லுக்குள்ள இருந்து கொரல் வரும்ன்னு சொல்லுவாங்க" என்று அவர் சொன்னபோது பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். நான் விசில் ஊதி வரிசையைச் சரி செய்தேன்.

உச்சியை அடைந்து, எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டு, இறங்க ஆரம்பித்தபோது மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு மேக நிழல் எதிர்மலையின் மேல் ஊர்ந்து, பள்ளத்தில் இறங்கி, எங்கள் படிக்கட்டின் மேல் ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். அதுவரை கையிலிருப்பதைப் பிடுங்கிக்கொண்டிருந்த குரங்குகள் சட்டென்று எங்கோ போய்விட்டன. மலை முழுக்க ஒரு சத்தமும் இல்லை. எங்கள் செருப்புச் சத்தம் மட்டும்தான்.

பாதி வழியில் அனந்தபுரத்துப் பெண் ஒருத்தி பின்னாலிருந்து என்னிடம் வந்தாள். வகுப்பில் இருக்கிற இடம் தெரியாத பெண். வரிசை எண் முப்பத்தொன்று. முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, கொஞ்சம் ஒதுங்கணும்" என்றாள், உதடு மட்டும் அசைகிற மாதிரி.

நாலு படி கீழே அவலூர்பேட்டைக்காரர் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழ போய்ப் பாத்துக்கலாம். அரை மணி நேரம்தான். வரிசைய உடாத" என்றேன்.

அவள் தலையாட்டினாள். இரண்டாவது தடவை கேட்கவில்லை.

கீழே இறங்கியபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டோம். மாஸ்டர் முதுகில் தட்டிக்கொடுத்து, "நீ எல்லாரையும் கேட்டுக்குக் கூட்டிக்கினு வந்துடும்மா, நான் பஸ்ஸ பாக்கறேன்" என்று முன்னால் போய்விட்டார். அப்போதே தூறல் விழுந்தது. நான் எல்லோரையும் களஞ்சியத்துக்குள் நடத்தினேன்.

அந்தக் களஞ்சியத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓர் ஆள் படுத்தாலும் இடம் மிச்சமிருக்கிற கனத்தில் சுவர். மேலே வளைந்த கூரை. உள்ளே போனால் கண் பழக நேரமாகும். வௌவால் நெடி முகத்தில் அடிக்கும். பேசினால் பேச்சு திரும்பி வரும், அதுவும் உடனே வராது. நாம் மறந்த பிறகு வரும்.

அங்கே வைத்து வருகை எடுத்தேன். எண்ணைக் கூப்பிடுவேன், அவரவர் "உள்ளேன்" என்பார்கள். ஒவ்வொரு "உள்ளேன்"னும் கூரையில் போய் முட்டி, இன்னொரு தடவை மெதுவாக இறங்கி வந்தது. இருட்டில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. குனிந்து, பதிவேட்டைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துக் குறித்துக்கொண்டே போனேன்.

"முப்பத்தொன்று."

"உள்ளேன்."

அந்தக் குரல் மட்டும் கொஞ்சம் தாழ்வாக, தரையோடு தரையாக வந்த மாதிரி இருந்தது. உட்கார்ந்திருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன். குறித்தேன். முப்பத்தெட்டு வரை முடித்தேன். எல்லோரும் இருக்கிறார்கள்.

பதிவேட்டை மூடினேன். அப்போதுதான் அது கேட்டது.

"அக்கா…"

எங்களில் யாரும் இல்லை. குரல் சுவருக்குள்ளிருந்து வந்தது. மெல்லிசான, பெண் குரல். ஈரமான குரல் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

பெண்கள் அப்படியே நடுவில் வந்து குவிந்தார்கள். யாரோ என் முந்தானையைப் பிடித்திருந்தார்கள். மறுபடியும் கேட்டது, இன்னும் தூரத்தில்.

"அக்கா…"

நான் வாயைத் திறந்தேன். அவலூர்பேட்டைக்காரர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பதில் குடுக்காதம்மா. அதுங்க ரெண்டு தபாதான் கூப்புடும். மூணாவது தபா கூப்ட்டாத்தான் மனுஷன்."

ஊரில் எல்லோரும் கேட்ட பேச்சுதான். அதனால் மூன்றாவது தடவைக்காகக் காத்திருந்தோம். முப்பத்தேழு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு சுவரைப் பார்த்தபடி. வெளியே மழை வலுத்தது. மூன்றாவது குரல் வரவேயில்லை.

தலைவி பயப்படக் கூடாது இல்லையா? "வெறும் காத்து" என்றேன் சத்தமாக. "காத்து" என்று சுவர் திருப்பிச் சொன்னது. விசில் ஊதி எல்லோரையும் மழையிலேயே வெளியே நடத்தினேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கோட்டை வாசல் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது எல்லோரும் நனைந்திருந்தோம். பஸ் இன்னும் வரவில்லை. மாஸ்டரையும் காணவில்லை. பழக்கத்தில் மறுபடி வருகை எடுத்தேன். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது.

"முப்பத்தொன்று."

பதில் இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். மண்டபத்தில் நல்ல வெளிச்சம் இருந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அனந்தபுரத்துப் பெண் அங்கே இல்லை.

"அங்க சொன்னுச்சே! என் காதால கேட்டனே" என்றார் அவலூர்பேட்டைக்காரர். எல்லோரும் கேட்டிருந்தார்கள். நான் குறித்த குறி பதிவேட்டில் இருந்தது, நீல மையில், கொஞ்சம் மழையில் கரைந்து.

"அப்போ அங்க சொன்னது யாரு?" என்று ஒரு பெண் கேட்டாள்.

கூட்டமாக நின்றிருந்தவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கொஞ்சம் விலகி நின்றார்கள். பக்கத்தில் நிற்பவரையே நம்ப முடியாத மாதிரி.

மண்டகப்பட்டுப் பெண் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். காணாமல் போனவளின் நெருங்கிய தோழி அவள். தோளைப் பிடித்து உலுக்கினேன். விம்மலுக்கு நடுவே சொன்னாள்.

"அவ தூரமாயிட்டாக்கா. மல மேலயே. நாள் இன்னும் இருக்குதுன்னு துணி எதுவும் எடுத்தாரல. கீழ வந்ததும் பொதர் பக்கம் போறேன், சொல்லாத, அக்கா திட்டும்ன்னுட்டுப் போனா."

"நீதானே அவளுக்குப் பதிலா உள்ளேன் சொன்ன?"

"சத்தியமா நான் வாயே தொறக்கலக்கா. நீங்க நம்பர் கூப்ட்டதும் இன்னா பண்றதுன்னு பயந்துகினு நின்னேன். அதுக்குள்ள உள்ளேன்னு கேட்டுது. வேற யாரோ சொல்லிட்டாங்கன்னு நெனச்சிகினேன்."

படிக்கட்டில் என்னிடம் கேட்ட முகம் அப்போதுதான் உண்மையில் என் கண்ணில் பட்டது. நடந்துகொண்டிருந்தபோது நான் பார்த்தது அவளை இல்லை, நாலு படி கீழே நின்றவரை.

"நான் திரும்பிப் போறேன்" என்றேன்.

"சார் வரட்டுமே" என்றார் ஒருவர். அவலூர்பேட்டைக்காரர் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "அது அவ கொரலா இல்லாங்காட்டி?"

"இல்லாட்டியும் போவணும்."

அவர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு என்னோடு ஓடி வந்தார். பின்னாலேயே எல்லோரும் வந்தார்கள். வாசலில் இருந்த காவல்காரர், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பாய், "இன்னாம்மா, மூடுற நேரத்துல எங்க ஓடறீங்க?" என்று பின்தொடர்ந்தார். ஓடிக்கொண்டே சொன்னேன். சுவருக்குள்ளிருந்து குரல் என்றதும் அவர் நின்றுவிட்டார்.

"எந்தப் பக்கத்துச் செவுரு?"

"பின்பக்கம், தரையோட."

"யா அல்லா! அது கொழாம்மா. தண்ணி போறதுக்கு மண்ணுல சுட்டுப் பொதச்ச பழைய கொழா. பின்னாடி இடிஞ்சிபோன நெலவறைக்குள்ள போய் நிக்குது. மேல பாத்தா தர மாதிரிதான் இருக்கும்." சொல்லிக்கொண்டே கயிறு எடுக்கத் திரும்பி ஓடினார்.

களஞ்சியத்துக்குள் இப்போது இன்னும் இருட்டு. சுவரின் அடியில் கையை வைத்துத் தடவிக்கொண்டே போனேன். ஓர் இடத்தில் விரல் உள்ளே போனது. ஜில்லென்று காற்று வந்தது. மண்டியிட்டு, அந்த ஓட்டையில் வாயை வைத்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

பதில் இல்லை.

மறுபடி கூப்பிட்டேன். இல்லை. உள்ளே எங்கோ தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும். மூன்றாவது தடவை கத்தினேன். குரல் உடைந்தது.

"அக்கா… நீயா? நெசமா நீதானா?"

அவளும் மூன்றாவது தடவைக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

மண்டகப்பட்டுப் பெண்ணை அந்த ஓட்டைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நிறுத்தாம அவகிட்ட பேசிக்கினே இரு" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். பாய் கயிறும் டார்ச்சும் கொண்டுவந்தார். களஞ்சியத்தின் பின்னால், ஐம்பதடி தள்ளி, சீதாப்பழப் புதருக்குள் ஒரு கல் சரிந்து கறுப்பாக ஒரு வாய் திறந்திருந்தது. சுற்றியிருந்த மழைத்தண்ணீர் எல்லாம் அதற்குள்தான் வழிந்துகொண்டிருந்தது. ஒன்றரை ஆள் ஆழம் இருக்கும். இவ்வளவு பக்கத்தில் நின்றும் மழைச் சத்தத்தில் அவள் குரல் மேலே கேட்கவில்லை.

அவலூர்பேட்டைக்காரர் இறங்கத் தயாராகக் கயிற்றை இடுப்பில் கட்டினார். கீழேயிருந்து ஒரு பதற்றமான குரல். "ஆம்பளைங்க யாரும் வேணாக்கா! என் பொடவ…"

அவர் காதிலும் விழுந்தது. கட்டிய கயிற்றை அவிழ்த்து, என் கையில் கொடுத்தார். தலையில் சுற்றியிருந்த துண்டையும் கொடுத்தார். அப்புறம் மற்ற ஆண்களைப் பார்த்துச் சொன்னார். "எல்லாம் அந்தாண்ட திரும்புங்கடா. கயிற மட்டும் புடிங்க."

தேர் இழுக்கிறவர்கள் மாதிரி பதினாறு பேரும் முதுகைக் காட்டி, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்கள். பாய் கண்ணைத் தாழ்த்தி டார்ச்சை மட்டும் உள்ளே நீட்டினார். நான் இறங்கினேன்.

கீழே கணுக்காலுக்கு மேல் தண்ணீர். சுவரோரம் அவள் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அந்தக் கால் திரும்பியிருந்த விதத்தைப் பார்க்க முடியவில்லை. கையைத் தொட்டேன், கல் மாதிரி சில்லிட்டிருந்தது. துண்டை அவள் இடுப்பில் சுற்றிக்கொண்டிருக்கும்போது என் காதுக்குப் பின்னால் யாரோ பேசினார்கள்.

"முப்பத்தொன்று… முப்பத்தொன்று…"

மண்டகப்பட்டுப் பெண்தான், களஞ்சியத்திலிருந்து, என்ன பேசுவது என்று தெரியாமல் எண்ணைக் கூப்பிடுகிறாள். நான்தான் அவளை அங்கே உட்காரவைத்தேன். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் உடம்பு நடுங்கியது. அது மனுஷக் குரல் மாதிரியே இல்லை. பூமிக்குள் புதைந்த யாரோ எண்ணிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

"இப்டித்தான்க்கா நீ கூப்ட்டதும் கேட்டுது" என்றாள் அவள். "பயத்துல பழக்கம் போவல. உள்ளேன்னுட்டேன்."

நான் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தேன். அவள் சொன்னாள்.

"உள்ளேன்னு சொன்னேன் இல்ல? அப்புறமும் எல்லாம் போய்ட்டீங்களேக்கா."

அதில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"அக்கான்னு ரெண்டு தபா கூப்ட்டியே, மூணாவது தபா ஏம்மா கூப்புடல?" என்று கேட்டேன்.

"நான் ஒரு தபாதான் கூப்ட்டேன். ரெண்டாவது நான் இல்ல. அது கொழாய்க்குள்ள இருந்து என்னிய பாத்து வந்துது. அப்புறந்தான் வாயப் பொத்திகினேன்."

எதிரொலிதான். அந்தக் களஞ்சியத்தை அறிந்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்த இருட்டில், காலடியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்க, அவள் சொன்னபோது எதிரொலி என்ற வார்த்தை எனக்குத் தோன்றவே இல்லை.

அவளை மேலே தூக்கினார்கள். பதினாறு பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. பெண்கள் சுற்றி நின்று மறைத்துக்கொண்டார்கள். அப்புறம் கயிறு எனக்காக மறுபடி இறங்கி வந்தது.

மாஸ்டர் கொண்டுவந்த பஸ்ஸிலேயே அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே கணுக்கால் எலும்பு முறிவு என்று மாவுக்கட்டு போட்டார்கள். இன்னும் இரண்டு மணி நேரம் அந்தத் தண்ணீரில் கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்ல ஆரம்பித்து, எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வராந்தாவில் அவலூர்பேட்டைக்காரர் என்னிடம் வந்தார். "அவ கேட்டப்போ ஏன் நிறுத்தல?" என்றார். தொட்டிப் பக்கம் நான் கேட்டதைச் சொன்னேன். அவர் முகம் சுண்டிவிட்டது. ரொம்ப நேரம் தன் ஈரச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை முதல்வர் வந்தார். எல்லோரையும் நிற்கவைத்து, "இதுக்குத்தான் பொம்பளைங்க தலைமை வேணாம்னேன்" என்றார். நான் விசிலைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன். கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். உளவியல் டீச்சர் முன்னால் வந்தார். பெண்கள் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நேத்து மல எறங்குற வரைக்கும் எத்தன பேர் தண்ணி குடிக்கல?"

ஒரு கை உயர்ந்தது. அப்புறம் இன்னொன்று. கடைசியில் இருபத்தொரு கைகள், என் கையும் சேர்த்து.

"போன வருஷ முகாம்ல?" என்றார். கைகள் இறங்கவில்லை. "போன வருஷம் ஆம்பளதான் சார் தலைவர். இது அவ ஒருத்தி தப்பு இல்ல. இந்தப் பொண்ணுங்க எங்க ஒதுங்குவாங்கன்னு நாம யாருமே கேட்டதில்ல, நானும் கேட்டதில்ல. நானே பொம்பள சார்."

அவலூர்பேட்டைக்காரர் வரிசையிலிருந்து பேசினார். "நாங்க சிரிச்சது அவங்க காதுல விழுந்துது சார். அதனாலதான்." முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதுவும் சொல்லாமல் பஸ்ஸுக்குப் போனார். அதை முகாமைத் தொடரலாம் என்ற அனுமதியாக எடுத்துக்கொண்டோம்.

விசிலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். டீச்சர் வாங்கிக்கொள்ளவில்லை. "இன்னும் ரெண்டு நாள் இருக்குது. நடத்து" என்றார். ஆறுதலாகவும் சொல்லவில்லை, கடுமையாகவும் சொல்லவில்லை.

அன்றைக்கு நான் விசில் ஊதவில்லை. எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். முதலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேட்டுப் பழக்கம் இருந்தால்தானே! பிறகு ஒவ்வொன்றாக வந்தது. மதியத்துக்குள் ஆண்கள் நாலு பேர் கடைத்தெருவுக்குப் போய்க் கீற்றுத்தட்டி வாங்கிவந்து பள்ளிக்கூடத்தின் பின்னால் மறைப்புக் கட்டினார்கள். ஒரு கடைக்காரம்மா விஷயம் கேட்டுப் பழைய வெள்ளைத்துணி ஒரு மூட்டை கொடுத்தனுப்பினார். இன்னும் நாலு ஆண்கள் அடுப்படிக்கு வந்தார்கள். சோறு குழைந்து, குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தது. எல்லோரும் சாப்பிட்டோம், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தோம்.

அனந்தபுரத்துப் பெண் ஒன்றரை மாதம் கழித்துத் தாங்கித் தாங்கி நடந்து வகுப்புக்கு வந்தாள். என்னிடம் எப்போதும் போலத்தான் இருந்தாள். பின்னால் பள்ளிக்கூட வேலைக்கும் போனாள். அந்த மழை நாளைப் பற்றி நாங்கள் இருவரும் மறுபடி பேசியதே இல்லை.

நான் தலைமையாசிரியை ஆனேன். பிறகு ஆசிரியர் பயிற்சியிலேயே பாடம் நடத்தினேன். ஆணுக்கு நிகராகப் பெண்ணும் தலைமை ஏற்க வேண்டும் என்று மேடைகளில் நானும் பேசியிருக்கிறேன். பேசும்போதெல்லாம் ஓர் உறுத்தல் இருக்கும். ஏனென்றால் அன்று நான் ஆணுக்கு நிகராகத்தான் நடந்துகொண்டேன். அதில்தான் ஒருத்தி சாகப் பார்த்தாள்.

இப்போது ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது. எனக்குக் கீழே யாரும் இல்லை, நான் நடத்த வேண்டிய வரிசையும் இல்லை. ஆனாலும் பஸ்ஸிலோ கல்யாண வீட்டிலோ ஒரு பெண் தயங்கித் தயங்கி, பாதிக் குரலில் எதையோ கேட்க ஆரம்பித்தால், அவள் என்ன கேட்கிறாள் என்று முழுசாகத் தெரிவதற்குள் நான் எழுந்து நின்றுவிடுகிறேன்.